வண்டியின் அடிவயிறும் அதன் கவசமும்

மாட்டு வண்டியில் இரவுப் பயணம் செய்த முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவ்வண்டியின் அடியில், அச்சுக்கு அண்மையில், ஓர் அரிக்கன் லாந்தர் ஆடியாடித் தொங்கிச் செல்வதை அவர்கள் நன்கு அறிவர். அந்த லாந்தரைத் தவிர வண்டியின் அடியில் வேறெதுவும் இருப்பதில்லை. உயர்ந்த இரண்டு சில்லுகள், அவற்றை இணைக்கும் ஓர் அச்சு, அச்சின்மேல் வண்டித் தட்டு, அவ்வளவே. வழியில் ஒரு கல் கிடந்தால், அது இரு சில்லுகளுக்கும் இடையே புகுந்து மறுபுறம் போய்விடும். வண்டிக்காரன் தன் பாட்டை நிறுத்தவேண்டிய அவசியமும் ஏற்படுவதில்லை.

மோட்டார் வண்டியை ஆக்கியோர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றிவிட்டனர். மினுக்கமான மேற்பாகத்தில் இருப்பன ஆசனங்களும் கண்ணாடிகளுமே. வண்டிக்கு உயிர் கொடுக்கும் உறுப்புகளோ அதன் அடிவயிற்றில் தொங்குகின்றன. இயந்திரத்தின் எண்ணெய்ச் சட்டி, கியர்ப் பெட்டி, நான்கு சில்லுகளுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் பகிர்வுப் பெட்டி, எரிபொருள் தாங்கி, பிரேக் குழாய்கள், சில்லுகளைத் திருப்பும் தண்டுகள் ஆகிய யாவும் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலே இருக்கின்றன. தார் வீதியில் ஓடும்வரை இதனால் தீங்கில்லை. கல்லும் கட்டையும் நிறைந்த காட்டு வழியில் இறங்கியவுடன், நாம் ஒருபோதும் குனிந்து பார்த்திராத அந்தப் பகுதியே எல்லாவற்றுக்கும் முன்னால் அடி வாங்குகிறது.

அப்பகுதியைக் காப்பதற்கென வண்டியின் அடியில் பொருத்தும் தகட்டைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். கராஜுகளில் இதனைச் 'சம்ப் கார்ட்' என்றும் 'ஸ்கிட் பிளேட்' என்றும் வழங்குவர். நாம் இப்பேச்சில் இதனை அடிக்காப்புத் தகடு என வழங்குவோம். இஃது ஆடம்பரப் பொருளன்று. மலைநாட்டுத் தோட்டங்களிலும் வன்னிக் கிராமங்களிலும் நோயாளரை ஏற்றிச் செல்வதும், ஆசிரியரை ஏற்றிச் செல்வதும், உரமும் விதையும் கொண்டுசெல்வதும் பெரும்பாலும் ஜீப்பும் அதனையொத்த வண்டிகளுமே. அவை வழியில் நின்றுவிட்டால் நின்றுபோவது வண்டி மாத்திரமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொன்றைச் சொல்லுகின்றேன். ஊவாப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, பிள்ளைப்பேற்று வேதனையுற்றிருந்த பெண்ணொருத்தியை ஆதார வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்ற ஜீப்பில் நானும் உடன் சென்றேன். மாலை மங்கும் நேரம். முதல்நாள் மழையில் மதகொன்றின் ஓரம் அரிக்கப்பட்டு, பெருங் கல்லொன்று பாதையின் நடுவே தலைதூக்கி நின்றது. சாரதி அதனைக் கண்டு வேகத்தைத் தணித்தார். ஆயினும் வண்டி அக்கல்லின்மேல் இறங்கிற்று. பெரியதோர் ஓசை எழுந்தது. ஐம்பது யார் செல்வதற்குள் எண்ணெய் விளக்கு சிவந்தது. சாரதி உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

இவ்வண்டிக்குக் காப்புத் தகடு இல்லாமலில்லை. 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடொன்று அதன் அடியில் இருக்கத்தான் செய்தது. கைவிளக்கைப் பிடித்துக் கீழே பார்த்தபோது உண்மை விளங்கிற்று. தகட்டின் பின்பக்கத்தை வண்டியின் சட்டகத்தோடு பிணைத்திருந்தவை இரண்டு சிறிய மரையாணிகளே. அவை அறுந்துபோக, தகடு மேலெழுந்து, தன் கூரிய விளிம்பினாலேயே எண்ணெய்ச் சட்டியைப் பிளந்துவிட்டது. கல் செய்திருக்கக்கூடிய கேட்டைக் கவசமே செய்து முடித்தது. அனுபவசாலியான அச்சாரதி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "தகடு கனந்தான் ஐயா. பிடிமானம் இல்லீங்களே!" என்றார்.

நற்காலமாக, மாலை நிறுவை முடித்துக் கொழுந்து ஏற்றிச் சென்ற லொறியொன்று அவ்வழியே வந்தது. கொழுந்துச் சாக்குகளை ஒதுக்கி இடஞ் செய்து அப்பெண்ணை அதில் ஏற்றினோம். தாயும் சேயும் நலமே தப்பினர். லொறி வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க இன்றும் எனக்கு மனம் துணிவதில்லை. அன்று அச்சாரதி சொன்ன சொற்களே இன்றைய பேச்சுக்கு அடிப்படை. காப்புத் தகட்டைத் தெரிந்தெடுக்கும்போது பலர் தடிப்பை மட்டுமே கேட்கின்றனர். தடிப்பு கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. அதற்குமுன் கேட்கவேண்டியவை மூன்று உள. எதைக் காக்கப்போகிறோம்? எந்தப் பாதையில் ஓடப்போகிறோம்? தகடு எதனைப் பற்றிக்கொண்டு நிற்கப்போகிறது?

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். எதைக் காப்பது என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. பழைய ஜீப் வகைகளிலும், சுசுக்கி ஜிம்னி போன்ற வண்டிகளிலும், முன்னச்சு ஒரே தண்டாக ஒரு சில்லிலிருந்து மறு சில்லுவரை செல்கிறது. ஒரு சில்லு கல்லின்மேல் ஏறினால் அச்சும் கூடவே எழுகிறது. அச்சிலுள்ள டிபரன்ஷல் உருண்டை சாதாரண அடிகளைத் தானே தாங்கிக்கொள்ளும். இயந்திரத்தின் எண்ணெய்ச் சட்டி அதற்கு மேலே ஓரளவு மறைந்து நிற்கும். இன்றைய தொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளிலோ முன்சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்குகின்றன. தார் வீதியில் இது மிகுந்த சுகத்தைத் தரும். ஆனால் குழியொன்றில் விழுந்து ஸ்பிரிங்குகள் அமுங்கும்போது, வண்டியின் நடுவயிறு முழுவதும் நிலத்தை நோக்கித் தாழ்கிறது. ஆகவே இத்தகைய வண்டிகளுக்கு முன்பாகத்தில், எண்ணெய்ச் சட்டிக்கும் முன் டிபரன்ஷலுக்கும் கீழே, நல்ல காப்பு இன்றியமையாதது.

முன்பாகத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்கவேண்டியவை கியர்ப் பெட்டியும் பகிர்வுப் பெட்டியுமாகும். 1941 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கென உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பிலேயே, இவ்விடத்துக்குக் கீழே தொழிற்சாலையில் பொருத்திய காப்புத் தகடு இருந்தது. போர்க்களத்துக்குச் செல்லும் வண்டியின் எந்த இடம் முதலில் நிலத்தில் தட்டும் என்பதை அதனை ஆக்கியோர் உணர்ந்திருந்தனர். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது முன்சில்லுகள் அப்பாலும் பின்சில்லுகள் இப்பாலும் இருக்க, நடுப்பகுதியே மண்ணில் குந்தும். வண்டி நீளங்கூடிய அளவுக்கு இந்த ஆபத்தும் கூடும். மூன்றாவதாக எரிபொருள் தாங்கி. அது வண்டியின் பின்பாகத்தில் இருப்பின், ஓடைக்கரையில் ஏறும்போது கல்லில் உராயும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றின் அடியில் கறுப்பு நிறமான பிளாஸ்ரிக் மறைப்பொன்று இருப்பதைக் காணலாம். சிலர் அதனையே காப்பு என்று நம்பி ஆறுதல் அடைகின்றனர். சேறு தெறிப்பதைத் தடுப்பதும், காற்றைச் சீராகச் செல்லவிடுவதும், ஓசையைக் குறைப்பதுமே அதன் வேலை. கல்லின்முன் அது கடதாசிக்குச் சமானம். வேறு சில வண்டிகளில் மெல்லிய உருக்கு மறைப்புகள் உள. அவை தெறிக்கும் கற்களைத் தடுக்குமேயன்றி, வண்டியின் பாரத்தைத் தாங்கமாட்டா. இரண்டுக்குமுள்ள வேற்றுமையை அறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. தகட்டின் கீழே ஜாக்கியை வைத்து வண்டியின் முன்பாகத்தை உயர்த்தினால், தகடு அதனைத் தாங்குமா என்று அதனைச் செய்தவரையோ விற்பவரையோ கேட்டுப் பாருங்கள். அவர் தயங்குவாராயின், அது வெறும் மறைப்பே; கவசம் அன்று.

இனி இரண்டாவது கேள்வி. நம் நாடு சிறியதாயினும் பாதைகள் ஒரேவகையின அல்ல. மலைநாட்டுத் தோட்டப் பாதைகள் கல் பாவியவை. லொறிகள் ஓடி ஓடி இருபுறமும் தடம் ஆழமாகிவிட, நடுவரம்பு உயர்ந்து நிற்கும். மழை மண்ணைக் கழுவிச் சென்றபின் அவ்வரம்பில் கற்கள் பற்களைப்போல் துருத்தி நிற்கும். அங்கு ஓடும் வண்டிக்கு அடியின் முன்னும் நடுவும் காப்புத் தேவை. அடிக்கடி உராய்வதைப் பொறுக்கும் உலோகமும் தேவை.

வன்னிப் பெருநிலத்தின் காட்டு வழிகளிலே கல்லைவிடக் கட்டைக்கே அஞ்சவேண்டும். பாலை, முதிரை போன்ற வைர மரங்களின் அடிக்கட்டைகள் வெட்டப்பட்டுப் பல ஆண்டுகள் சென்றபின்னும் உறுதி குலையாது நிற்கும். புல் வளர்ந்து அவற்றை மறைத்துவிடும். கல்லானது பெரும்பாலும் உருண்டையானது; அடித்தாலும் வழுக்கிச் செல்லும். கட்டையோ குத்தும். இங்கு தகட்டின் முன்விளிம்பு மேல்நோக்கி நன்கு வளைந்திருப்பது அவசியம். நேராக வெட்டிய விளிம்புள்ள தகடு கட்டையில் மாட்டிக்கொள்ளும். வளைந்த விளிம்போ தோணியின் முன்மூக்கைப்போல் தடையின்மேல் ஏறிச் செல்லும்.

மன்னார், முல்லைத்தீவுக் கரையோரங்களில் பகை வேறு. அங்கே அடிப்பன கற்களல்ல, உப்பும் மணலுமே. மாரிகாலத்தில் வடகீழ்ப் பருவக்காற்று மழை கொட்ட, களிமண் சேறு தகட்டுக்கும் இயந்திரத்துக்கும் இடையே அடைந்து, காய்ந்து, ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அங்ஙனம் அடைந்த சேறு ஒரு மாரிக்குள்ளேயே கறளை வளர்த்துவிடும். இப்பகுதிகளில் ஓடுவோர் எளிதிற் கழற்றிக் கழுவக்கூடிய தகட்டையே நாடவேண்டும். நகரத்து வீதியில் மாத்திரம் ஓடி, ஆண்டுக்கொரு முறை சுற்றுலாச் செல்லும் வண்டிக்கோ பெருங் கவசம் எதுவும் வேண்டியதில்லை. அதற்கெனச் செலவிடும் பணத்தை நல்ல ரயர்களுக்குச் செலவிடுவது மேல்.

பாதையைத் தெரிந்துகொண்டபின் உலோகத்தைத் தெரிந்துகொள்ளலாம். பெருவழக்கில் உள்ளவை உருக்கும் அலுமினியமுமே. இவ்விரண்டின் குணவேற்றுமையை உணர ஒரு பழைய வண்டியையே சான்றாகக் காட்டலாம். 1948 ஏப்ரல் 30 ஆந் திகதி அம்ஸ்ரர்டாம் மோட்டார்க் காட்சியில் லாண்ட் றோவர் வண்டி முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்கு அரிதாயிருந்தமையால் அதன் மேனியை அலுமினியக் கலப்பு உலோகத்தினால் ஆக்கினர். ஆனால் பாரத்தைச் சுமக்கும் சட்டகத்தை உருக்கினாலேயே ஆக்கினர். இரண்டு உலோகங்களும் ஒரே வண்டியில் தத்தமக்குரிய இடத்தைப் பெற்றன. அடிக்காப்பிலும் அப்படியே ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு.

ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் 4 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள உருக்குத் தகடு ஏறத்தாழ 31 கிலோகிராம் நிறையுடையது. அதே பரப்புள்ள 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு 16 கிலோகிராம் அளவே நிறுக்கும். நிறை பாதியாயிருந்தும், வளையாது நிற்கும் தன்மையில் இந்த அலுமினியத் தகடு அந்த உருக்குத் தகட்டுக்குச் சற்றும் இளைத்ததன்று. ஏனெனில், தகடொன்றின் விறைப்பு அதன் தடிப்பைவிட மிக வேகமாகப் பெருகுகிறது. தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும்.

அங்ஙனமாயின் அலுமினியத்தையே எல்லோரும் வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அலுமினியம் மென்மையானது. கூரிய கல்லின்மேல் இழுபடும்போது கல் அதனை உழுது சால் பிடிக்கும். வண்டி வழுக்கிச் செல்லாமல் கல்லைக் கவ்விக்கொண்டு நின்றுவிடவும் கூடும். உருக்கோ கல்லின்மேல் எளிதாக வழுக்கும். பலத்த அடியில் உருக்குத் தகடு நெளிந்தாலும் சம்மட்டியால் தட்டி நிமிர்த்திவிடலாம். வெடித்தாலும் எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் வெல்டிங் செய்துகொள்ளலாம். அலுமினியத்தை வெல்டிங் செய்வதற்குத் தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் வேண்டும். அன்றியும், அலுமினியத் தகட்டை உருக்கு மரையாணிகளால் பூட்டி உப்புநீரில் நனையவிட்டால், இரு உலோகங்களும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டுப் பொடியாகும். கடற்கரையோரத்தில் அதனைப் பொருத்துவோர் இரண்டுக்கும் இடையே றப்பர் அல்லது நைலோன் வளையங்களை இடுவது நன்று.

அண்மைக் காலத்தில் மூன்றாவது பொருளொன்றும் வழக்குக்கு வந்துள்ளது. அதுவே மிகக் கெட்டியான பொலிஎதிலீன் என்னும் பிளாஸ்ரிக். முன்னர் குறிப்பிட்ட கறுப்பு மறைப்போடு இதனை ஒப்பிடலாகாது. 12 மில்லிமீற்றர் தடிப்பிலும் சதுர மீற்றருக்கு 11, 12 கிலோகிராமுக்கு மேல் இஃது நிறுப்பதில்லை. கறள் பிடிப்பதுமில்லை, கல்லின்மேல் சவர்க்காரம் போல வழுக்கும். ஆயினும் உலோகத்தைப்போல் விறைப்பானதன்று. ஏறத்தாழ 130 பாகை வெப்பத்தில் உருகத் தொடங்குவதனால், புகைக்குழாய்க்கு அண்மையில் இதனை வைக்கவே கூடாது.

தோட்டப் பாதையில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு, அருகில் ஒரு பட்டறையும் இருக்குமாயின், 3 அல்லது 4 மில்லிமீற்றர் உருக்குத் தகடே என் தேர்வு. நெடுந்தூரம் ஓடி, இடையிடையே காட்டு வழியில் இறங்கும் வண்டிக்கு 6 மில்லிமீற்றர் அலுமினியம் ஏற்றது. இதனைவிடத் தடித்த தகட்டை நாடுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். வண்டியின் அடி முழுவதையும் மூடுவதற்கு இரண்டு சதுர மீற்றர் உருக்கு வேண்டுமென்றால், 4 மில்லிமீற்றரிலேயே அதன் நிறை 60 கிலோகிராமைத் தாண்டும். ஒரு வளர்ந்த மனிதனை இரவும் பகலும் வண்டியின் கீழே கட்டிச் சுமப்பதற்கு இஃது ஒப்பாகும். முன் ஸ்பிரிங்குகள் தாழும். தாழ்ந்த வண்டி முன்னிலும் அதிகமாகக் கல்லில் தட்டும். கவசத்தின் பாரமே கவசத்தின் தேவையைக் கூட்டிவிடும். வலிமை வேண்டுமாயின் தடிப்பைக் கூட்டுவதற்குப் பதிலாக மடிப்பைக் கூட்டலாம். கூரைக்கு இடும் வரித் தகரத்தைப் பாருங்கள். சமதளமாக இருப்பின் கையால் வளைக்கக்கூடிய அம்மெல்லிய தகரம், வரிவரியாக மடிந்திருப்பதனாலேயே கூரை வேய்பவனைத் தாங்குகிறது. நன்றாகச் செய்யப்பட்ட காப்புத் தகட்டிலும் ஓரங்கள் மடிக்கப்பட்டு, நடுவிலே நீளவாட்டில் மடிப்புகள் இடப்பட்டிருக்கும்.

இனி மூன்றாவது கேள்வி, அந்த ஊவாச் சாரதி எனக்கு உணர்த்திய கேள்வி. தகடு எதனைப் பற்றிக்கொண்டு நிற்கிறது?

தகட்டின் மேல் விழும் அடி எங்கேயாவது போய்ச் சேரவேண்டும். அது வண்டியின் சட்டகத்துக்கு, அதாவது செசிக்குப் போய்ச் சேருமானால் நல்லது. சட்டகம் அதனைத் தாங்கவென்றே ஆக்கப்பட்டது. எண்ணெய்ச் சட்டியின் ஆணிகளிலோ, கியர்ப் பெட்டியின் வார்ப்பிலோ, முன்னாலுள்ள மெல்லிய பம்பரிலோ தகட்டைத் தொங்கவிட்டால், நாம் காக்க விரும்பிய உறுப்பே அடியை ஏற்கும். எனவே தகட்டின் முன்னும் பின்னும் சட்டகத்தோடும் குறுக்குச் சட்டங்களோடும் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பின்பக்கப் பிணைப்பையே சிறப்பாகப் பாருங்கள். முன்னிருந்து வரும் அடி தகட்டைப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் தள்ளுவதால், அங்கேதான் பாரம் குவிகிறது. தகட்டுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் இடையே குறைந்தது இரண்டு விரற்கடை இடைவெளியாவது இருக்கவேண்டும். அடிபட்ட தகடு சற்றே வளைந்து மீளும். வளைவதற்கு இடமில்லையெனின் அடி நேரே சட்டியைச் சேரும்.

மரையாணிகளின் தலைகள் தகட்டுக்குக் கீழே துருத்தி நிற்றலாகாது. துருத்தி நிற்கும் தலையைக் கல் ஒரே உராய்விலே தேய்த்துவிடும். பின்னர் அதனைக் கழற்றுவதற்கு எந்தச் சாவியும் பிடிக்காது. ஆகவே அவை குழிக்குள் அமிழ்ந்திருக்கவேண்டும். இரண்டு மூன்று தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தும்போது, அவை ஒன்றையொன்று மேவும் முறையையும் கவனிக்கவேண்டும். கிடுகு வேய்பவர் மேற்கிடுகின் நுனி கீழ்க்கிடுகை மூடும்படி வேய்வதனாலேயே மழைநீர் உள்ளே புகாமல் ஓடிவிடுகிறது. அவ்வாறே முன்தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டின் முன்விளிம்பைக் கீழிருந்து மூடவேண்டும். அப்போது கல் தடையின்றி வழுக்கிப் பின்னே செல்லும். மாறி வைத்தால் கல் அவ்விளிம்பிற் கொளுவித் தகட்டையே உரித்துவிடும்.

சட்டகத்தோடு தகட்டை வெல்டிங் செய்து ஒட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம். அடிக்கடி கழற்றவேண்டிய பொருளை நிரந்தரமாக்கிவிட்டால், அதன் உள்ளே சேறும் கறளும் நிரந்தரமாகக் குடியேறும். தனிச் சட்டகமில்லாது, மேனியே சட்டகமாக அமைந்த இன்றைய சிறு வண்டிகளில் இன்னும் விழிப்பு வேண்டும். அவற்றின் முன்பாகம், மோதல் நேரும்போது மடிந்து கொடுத்து உள்ளிருப்போரைக் காக்கும்படி அமைக்கப்பட்டது. அங்கு கண்டபடி உருக்குச் சட்டங்களைப் பூட்டினால் அந்த ஏற்பாடு கெடும். அவ்வகை வண்டிக்கெனவே வரையப்பட்ட தகட்டை மாத்திரம் பொருத்துதல் வேண்டும்.

காப்பு என்று பொருத்தியது புதிய தீங்கொன்றை விளைக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமையே. எண்ணெய் மாற்றுவதற்கான துளை உரிய இடத்தில் இருக்கிறதா? இல்லையேல் கராஜில் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றவேண்டிவரும். கழற்றியவர் ஒருநாள் அதனைச் சரிவரப் பூட்டாமலே விடுவார். காற்றுச் செல்லவும் நீர் வடியவும் இடைவெளிகள் உண்டா? முற்றாக மூடிய தகடு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும். எல்லாவற்றிலும் கொடியது உலர்ந்த புல். கோடைகாலத்தில் இலுக்கும் மானாவும் வளர்ந்த வெளியினூடாக வண்டி செல்லும்போது, புல் தகட்டின்மேல் வந்து சேரும். அருகே செல்லும் புகைக்குழாயின் வெப்பம் அதனைத் தீப்பற்றச் செய்யப் போதுமானது. புல்வெளி கடந்தவுடன் வண்டியை வெறுந்தரையில் நிறுத்தி, சற்று ஆறவிட்டு, அடியிற் சேர்ந்த புல்லைக் கோலினால் இழுத்துப் போடுவது ஐந்து நிமிட வேலை. அதனைச் செய்யாது விட்டால் வண்டியையே இழக்க நேரலாம்.

இவ்வளவும் செய்தபின்னும், தகட்டை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமா? ஆகாது. தகடு சாரதியின் ஒரு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. மோதலின் வலு வேகத்தோடு சேர்ந்து எவ்வாறு பெருகுகிறது என்பதை நினையுங்கள். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பங்காக இருக்கும் மோதல், 20 கிலோமீற்றரில் நான்கு பங்காகவும் 30 கிலோமீற்றரில் ஒன்பது பங்காகவும் ஆகிறது. தகட்டின் தடிப்பில் ஒரு மில்லிமீற்றரைக் கூட்டுவதைவிட வேகத்தைப் பாதியாக்குவதே பெருங் காப்பு. அதற்குச் செலவும் இல்லை.

கல்லைக் கண்டதும் அதனை இரு சில்லுகளுக்கும் இடையே விட்டுக் கடக்க முனைவது பலரின் வழக்கம். மாட்டு வண்டிக் காலத்து நினைவு இன்னும் நம் கைகளில் இருக்கிறது போலும்! மோட்டார் வண்டியில் அதற்கு மாறாகச் சில்லையே கல்லின்மேல் மெதுவாக ஏற்றவேண்டும். ரயர் அடி வாங்கவென்றே ஆக்கப்பட்டது. சில்லு ஏறும்போது வண்டியின் வயிறும் உயர்ந்து தப்பிவிடும். ஐயம் தோன்றுமிடத்தில் இறங்கி நடந்து பார்ப்பதில் இழிவொன்றுமில்லை.

எல்லாக் காப்பையும் மீறி எண்ணெய்ச் சட்டி உடைந்து, சிவப்பு விளக்கு எரியுமானால், அடுத்த சந்திவரை ஓட்டிச் செல்வோம் என்று எண்ணலாகாது. எண்ணெய் இழந்த இயந்திரம் சில நிமிடங்களிலே தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். சட்டியை மாற்றுவதோடு முடிந்திருக்கவேண்டிய செலவு இயந்திரத்தையே மாற்றும் செலவாகிவிடும். அன்று அந்தச் சாரதி உடனே நிறுத்தியதனாலேயே அவ்வண்டியின் இயந்திரம் பிழைத்தது. எரிபொருள் தாங்கியில் மெல்லிய கசிவு ஏற்பட்டால், சலவைச் சவர்க்காரக் கட்டியை அவ்வெடிப்பில் அழுத்தித் தேய்த்துக் கசிவைத் தற்காலிகமாகத் தடுக்கலாம். அப்பொழுது அருகில் தீக்குச்சியும் வேண்டாம், சுருட்டும் வேண்டாம். சிந்திய எண்ணெய் ஓடையிற் கலவாதபடி மண்ணிட்டு மூடிவிடுங்கள். மலைநாட்டில் அந்த ஓடையே கீழேயுள்ள லயன்களின் பீலித் தண்ணீராக இருக்கக்கூடும்.

தகட்டைப் பொருத்தியபின் முதல் சில நூறு கிலோமீற்றர் ஓட்டத்தில் மரையாணிகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மாரி முடிந்ததும் தகட்டைக் கழற்றிக் கழுவி, கறள் கண்ட இடத்தைச் சுரண்டி மை பூசுங்கள். மரைகளுக்குக் கிறீஸ் இடுங்கள். இவை அற்பமான வேலைகள்போலத் தோன்றும். ஆனால் இருண்ட பாதையொன்றில், உள்ளே ஒரு நோயாளி முனகிக்கொண்டிருக்க, வண்டி நின்றுபோனால், இவற்றுள் ஒன்றைச் செய்யத் தவறியமையே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

மாட்டு வண்டியின் லாந்தரை மீண்டும் ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன். அதனைக் கொளுத்துவதற்காகவேனும் அந்த வண்டிக்காரன் ஒவ்வொரு மாலையும் குனிந்து வண்டியின் அடியிற் கைவைத்தான். குனிந்தபோது கடையாணி கழன்றிருப்பதும், அச்சு வெடித்திருப்பதும் அவன் கண்ணிற் பட்டன. இன்று நம் வண்டிகளின் விளக்குகள் உள்ளேயிருந்தே எரிகின்றன. குனிய வேண்டிய தேவை நமக்கில்லாமற் போய்விட்டது. நேயர்களே, காப்புத் தகடு வாங்க எண்ணுவோர் கடைக்குச் செல்லுமுன் ஒரு சாக்கை விரித்து வண்டியின் கீழே படுத்து ஒருமுறை நன்றாகப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு வேண்டிய தகடு எது என்பதை, எந்த விற்பனையாளரையும்விட அங்கே தெரியும் உரசல்களும் நெளிவுகளும் தெளிவாகச் சொல்லிவிடும்.